ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளைகள்

தினகரன் எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். பல் தேய்த்தான். கொட்டகையில் அம்மா கறந்து வைத்திருந்த பாலை எடுத்து வந்து அடுப்பில் வைத்தான். பால் பொங்கியது. இறக்கினான். டீ போட்டுக் குடித்தான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் பந்தல் கண்ணில் பட்டது. இன்றைக்கு லீவு. அப்பாவைப் பெற்ற ஆயாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மனைவி இளமதி போன பிறகு அவனுடைய காலைகள் இப்படித்தான். கை தானாக வேலை செய்யும். அவன் கூடவே போவான்.

நிலைப்படியில் சாய்ந்து நின்றான். வலது கை தானாகத் தலைமேல் ஏறியது. உள்ளே போய்க்கொண்டிருந்த அம்மா அதைத் தட்டிவிட்டாள்.

"தலையில கை வெக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? வூட்டுக்கு ஆவாதுடா. இன்னும் இன்னா போவணும் இந்த வூட்லருந்து?"

"ம்" என்றான்.

வாசலில் சேட்டு ஏணிமேல் நின்று பிளெக்ஸ் பேனர் கட்டிக்கொண்டிருந்தான். சாலவாக்கத்தில் பந்தல், மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறவன். ஆயாவின் பழைய மாணவன். நடுவயதைத் தாண்டியும் அவளைப் பற்றிப் பேசும்போது அரைக்கால் சட்டை போட்ட பையன் மாதிரிதான் பேசுவான்.

"தினா, நேரா கீதா பாரு."

"ம்."

"எடது பக்கம் எறங்கிக்கீதா?"

"இல்ல."

பேனரில் ஆயா சிரித்தாள். ஓய்வு பெற்ற அன்று மாலையோடு எடுத்த படம். மாலையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். 'எங்கள் ஆசிரியை ஆதிலட்சுமி அம்மையார் படத்திறப்பு' என்று மேலே. கீழே சிவப்பில் இன்னொரு வரி. 'படியுங்கள், படித்துக்கொண்டே இருங்கள்: அம்மையாரின் கடைசி மொழி.'

தினகரன் அந்த வரியை இரண்டு முறை படித்தான்.

"இது யாரு சொன்னது?"

"டீச்சர்தான்."

"எப்போ?"

சேட்டு ஏணியிலிருந்து இறங்கி வந்தான். "உனுக்குப் போன் பண்ணேன். கடைசியா இன்னா சொன்னாங்க தினான்னு கேட்டேன். நீ ம்ம்னுட்டு வெச்சிட்ட. பிளெக்ஸ்காரன், கீய எடம் காலியா கீதுண்றான். நான் இன்னா பண்றது? டீச்சர்னா இத்தத்தானே சொல்லியிருப்பாங்க. வேற இன்னா, மோட்டார நிறுத்துன்னா சொல்லியிருப்பாங்க?"

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து பந்தல் ஓரம் சேறாகிக்கொண்டிருந்தது. தினகரன் போய் நிறுத்தினான்.

ஆயா கடைசியாகச் சொன்னது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் அருகில் இருந்தவன் அவன் ஒருவன். கேட்டவர்களிடமெல்லாம் 'ம்' என்றான். பாவம், துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று விட்டுவிட்டார்கள். துக்கம் இல்லை. பொறாமை. அந்தக் கடைசிப் பேச்சு அவனிடம் பேசியது அல்ல. கண் இவன்மேல் இருந்தது. பேசியது யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம். இருந்த வரைக்கும் அவர்களுக்கு, போகும்போதும் அவர்களுக்கு.

அப்பா கலைச்செல்வன் மொட்டைத் தலையோடு ஏரிக்கரையிலிருந்து திரும்பி வந்தார். காரியம் முடிந்திருந்தது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெருநகர் பக்கமிருந்து பஸ்ஸில் ஒரு கூட்டம், சாலவாக்கம் பக்கமிருந்து டிராக்டரில் ஒரு கூட்டம், டூவீலர்கள் கணக்கில்லை. வந்தவர்கள் அப்பாவின் கையைப் பிடித்தார்கள். தினகரனிடம் "டீச்சர் பேரனா?" என்றார்கள். பிறகு தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் ஒரே பேச்சுதான்.

"எனுக்குப் பொறந்த நாள் வெச்சதே டீச்சர்தான்."

"உனுக்கு மட்டுமா? எனுக்கும் ஜூன் ஒண்ணுதான்."

"எங்க வூட்ல நாங்க நாலு பேரு. நாலு பேருக்கும் ஜூன் ஒண்ணு. பாஸ்போர்ட் ஆபீசுல சிரிக்கிறான்."

சாலவாக்கத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கு அந்தப்புறம் இருந்தது ஆயாவின் பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் அங்கே பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஏரி உடைந்த வருசம் என்பார்கள், செவலை மாடு செத்த மாசம் என்பார்கள். ஆயா பிள்ளையைத் தன் முன்னால் நிறுத்துவாள். வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வாள். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று பொருள். பள்ளியில் இடம் உண்டு. பிறந்த தேதி ஜூன் ஒன்று.

வருசா வருசம் அந்தத் தேதியில் மானாம்பதியில் இருக்கும் இந்த வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களெல்லாம் இனிப்புப் பொட்டலத்தோடு வருவார்கள். "டீச்சர், நீங்க வெச்ச பொறந்த நாளு" என்று காலைத் தொடுவார்கள். ஆயா ஒவ்வொருவர் வாயிலும் இனிப்பை ஊட்டுவாள். சின்னத் தினகரன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பிறந்தது காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில், கார்த்திகை மாச அடைமழையில். முத்திரை குத்திய சான்றிதழ் இருந்தது. அவன் பிறந்த நாளில் ஆயாவுக்கு வேலையே இல்லை. அந்த நாள் வரும்போது "இன்னிக்கா?" என்பாள். பிறகு, "மழையில நனையாம போ" என்பாள்.

மாலை பஸ்ஸில் வந்து இறங்கும்போது ஆயாவிடம் குரலே இருக்காது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்துக் கத்திவிட்டு வந்திருப்பாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பாள். அப்புறம் சைகைதான். தண்ணி வேணும், கதவைச் சாத்து, சாப்ட்டியா, எல்லாமே கையால். தினகரனுக்குக் கிடைத்தது அந்த மிச்சக் குரல்தான். கதை சொல்லும் குரல், வாய்ப்பாடு பாடும் குரல், தப்புச் செய்தவனை அதட்டும் குரல் எல்லாம் ஏரிக்கு அந்தப்புறமே தீர்ந்துவிடும். அவளிடம் திட்டு வாங்கியவனைப் பார்த்தால்கூட அவனுக்கு வயிறு எரியும்.

அவனை உத்திரமேரூர் கான்வென்டில் போட்டது அப்பா. காலையில் வேன் வரும். அதே நேரத்தில் ஆயா எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பாள். கழுத்தில் டையோடு வேன் ஜன்னல் வழியாக அவன் பார்ப்பான். அவள் பார்வை பஸ் வரும் திசையில் இருக்கும்.

யூ.கே.ஜி. படிக்கும்போது ஒரு சாயங்காலம் அவள் வழியில் போய் நின்றான். வலது கையைத் தலைக்குமேல் போட்டு இழுத்தான். தலையைச் சாய்த்தான், தோளைத் தூக்கினான். விரல் உச்சியைத் தாண்டவில்லை.

"ஆயா, என்னையும் உன் ஸ்கூல்ல சேத்துக்கோ."

ஆயா கைப்பையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். "எட்டலியே" என்றாள், காற்றுக் குரலில். கால் கழுவப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை வேன் வந்தது.

வளர்ந்தபின் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்திருக்க வேண்டும். காலேஜ் முடித்தான், ஓரகடத்தில் வேலையில் சேர்ந்தான், மீசை வைத்தான். சிரிக்க மட்டும் வரவில்லை.

இளமதியைப் பெண் பார்த்து முடித்து வைத்ததும் ஆயாதான். ஏரிக்கு அந்தப்புறத்துப் பெண். ஆயாவிடம் படித்தவள். நிச்சயதார்த்தத்தன்று சபையில் வைத்து, "என் புள்ளைய உனுக்குக் குடுக்கறேன், பத்திரமா பாத்துக்கோ" என்றாள் ஆயா, பெண் வீட்டுக்காரி மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். தினகரனும் பல்லைக் காட்டினான்.

மதி நல்ல பெண். அவனிடம் பிரியமாக இருந்தாள். ஆனால் சாயங்காலம் அவன் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் அடுப்படியில் இரண்டு பேரின் சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். ஆயா ஓய்வு பெற்றுப் பல வருசமாகியிருந்தது. குரலெல்லாம் திரும்பி வந்திருந்தது. அந்தக் குரலும் மதிக்குத்தான். சேட்டு பதிமூணாம் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்டது, பள்ளி மணியாக அடிக்க வைத்திருந்த தண்டவாளத் துண்டு காணாமல் போனது என்று பழைய கதைகள். இவன் உள்ளே போனால் நின்றுவிடும்.

"இன்னா சிரிப்பு?"

"உனுக்குப் புரியாது. நீ கான்வென்ட்டு" என்பாள் மதி. ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு தடவை மதியே சொன்னாள். "ஸ்கூல்ல சேக்கப் போனப்ப எனுக்கெல்லாம் கை எட்டவே இல்ல தெரியுமா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதற்குள் குக்கர் விசில் அடித்தது. அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியை இவனே எழுதிக்கொண்டான். எட்டாத கையோடு வந்து நின்றவளுக்காக ஆயா விதியை வளைத்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் மனசு இளகியிருக்கிறது. பேரனுக்கு 'எட்டலியே' என்றவள், ஊரார் வீட்டுப் பெண்ணை உள்ளே விட்டிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் மதிக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம். அவ்வளவுதான்.

சாவுக்கு வந்தவர்கள் ஆயாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "மொத ரேங்க்குப் புள்ளையாச்சே டீச்சர்" என்று அவள் கையைப் பிடித்து அழுதார்கள். "நீங்க மனச தேத்திக்கணும் டீச்சர்" என்றார்கள். தினகரன் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். யாரோ ஒருவர் வந்து, "தம்பி, சேர் இன்னும் நாலு வேணும்" என்றார். போய் எடுத்து வந்து போட்டான்.

இப்போது ஆயாவும் போய்விட்டாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில். அங்கேயும் பேசிச் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். இவன் போய்ச் சேர்ந்தால் நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாக ஆயா சொன்னதும் மதியிடம் சொன்னதுதான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். வேறு யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

வீராசாமிதான் படத்தைத் திறந்தார். ஆயாவின் முதல் வருச மாணவர், இப்போது பேரப்பிள்ளைகள் எடுத்தவர். மஞ்சள் துணியை இழுத்தார். அது ஆணியில் மாட்டிக்கொண்டது. சேட்டு ஓடிப்போய் எடுத்துவிட்டான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள்.

ஒருவர், டீச்சர் தன்னைத்தான் சொந்தப் பிள்ளையாக நினைத்தார் என்றார். அடுத்தவர், இல்லை, தன்னைத்தான் என்றார். மூன்றாவது ஆள் அழுதே விட்டார். தினகரன் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பார்த்தான். இந்த முகத்தை எத்தனை முறை ஆயா துடைத்துவிட்டிருப்பாள் என்று பார்த்தான்.

பிறகு ஷீபா வந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மதியோடு ஒன்றாகப் படித்தவள். ஆயாவுக்கு முடியாமல் போன மாதங்களில் வாரம் தவறாமல் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனவள். அவளுக்கு மேடையெல்லாம் பழக்கமில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர் ரொம்ப நல்லவங்கன்னு எல்லாரும் சொன்னீங்க. நான் டீச்சர் மேல இருந்த கோவத்த சொல்லட்டா?"

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நானும் மதியும் ஒண்ணாத்தான் சேரப் போனோம். எனுக்கு எட்டிச்சி. மதிக்கு எட்டல. அவ இத்தினியூண்டு இருப்பா. அடுத்த வருசம் வான்னுட்டாங்க டீச்சர். அவ அழுத அழுகையப் பாத்து நானும் அழுதேன். அந்த வருசம் பூரா எங்கூடவே நடந்து வந்து, ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கினு இருப்பா. மழை வந்தா கூரை ஓரம் ஒண்டிக்குவா. டீச்சர் பாப்பாங்க. உள்ள வான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க."

தினகரன் தலையை உயர்த்தினான்.

"எனுக்கு மனசுல அது நின்னுட்டுது. போன மாசம் பிரஷர் பாக்க வந்தப்ப கேட்டுட்டேன். ஏன் டீச்சர், அந்தப் புள்ளய உள்ள வுட்டிருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும்னு. டீச்சர் சொன்னாங்க, எட்டாத கைய உள்ள வுட்டா அது மூணாவதுல தேங்கிடும் ஷீபா, அப்பறம் மாடு ஓட்டப் போய்டும், வெளிய ஒரு வருசம் நின்னா ஒண்ணும் ஆவாதுன்னாங்க. மதி மொத ரேங்க்கு எடுத்தா. டீச்சர் சொன்னது சரிதான். ஆனாலும் எனுக்குக் கோவம்தான்."

அவள் மைக்கை வைப்பதற்குள் சேட்டு பிடுங்கிக்கொண்டான்.

"என் தங்கச்சிய திருப்பி அனுப்பலியா? எங்கப்பா அப்போ ஊர்த்தலைவரு. தார் வாழப்பழம் எட்த்துக்கினு ஜம்முனு போனாரு. டீச்சர் பழத்த வாங்கி புள்ளைங்களுக்குப் பிச்சிக் குட்த்துட்டு, எட்டல தலைவரே, போய்ட்டு வாங்கன்னாங்க. தாரும் போச்சி, சீட்டும் போச்சி."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. "எம் பையனையும்தான் தொரத்தினாங்க" என்று வீராசாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். "இத்தினிக்கும் நான் அவங்களோட மொத பேட்ச்சு!" ஒரு அம்மாள் எழுந்து, "சொந்த நாத்தனார் புள்ளைக்கே எடம் குடுக்கல. அந்த நாத்தனாரு நாந்தான்" என்றாள். மறுபடி சிரிப்பு.

சேட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சரி, நான் கேக்கறேன். எட்டாத கைய ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒருத்தரையாச்சும், டீச்சர் உள்ள சேத்தாங்களா? சேத்தாங்கன்னா கைய தூக்குங்க பாப்போம்."

கூட்டத்தில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கையும் எழவில்லை.

"அதான் எங்க டீச்சர்!" என்றான் சேட்டு. கைதட்டினார்கள்.

தினகரன் தட்டவில்லை. மதியை உள்ளே விடவில்லை. தலைவர் மகளை விடவில்லை. யாரையுமே விடவில்லை. அப்படியானால் அன்று மத்தியானம் ஆயா கடைசியாகச் சொன்னது மதியிடம் இல்லை. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற யாரிடமும் இல்லை. பணியில் இருந்த காலம் முழுவதும் ஆயா அந்த வார்த்தையை ஒருவரிடம்கூடச் சொன்னதில்லை. வைத்திருந்து, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

அவனுக்குக் காது சூடேறியது. மதி போன பிறகு உடம்பில் சூடு, குளிர் எதுவும் அவனுக்குத் தெரிந்ததில்லை.

"இப்போ டீச்சரோட பேரன்" என்று சேட்டு மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். "கடைசி நேரத்துல கூட இருந்தவரு. டீச்சர் இன்னா சொல்லிட்டுப் போனாங்கன்னு இன்னி வரைக்கும் வாயத் தொறக்கல. தினா, வா. வந்து சொல்லு."

தினகரன் எழுந்து போனான். மைக் முன்னால் நின்றான். ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். நரைத்தவர்கள், வழுக்கையானவர்கள், மடியில் குழந்தை வைத்திருந்தவர்கள். எல்லார் முகத்திலும் ஒரு பசி. அந்தப் பசி அவனுக்கு நன்றாகத் தெரியும். வேன் ஜன்னலில் அவனுக்கு இருந்ததும் அதுதான். இப்போது இவர்களுக்கு இல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. சொல்லிவிட்டால் அதையும் எடுத்துக்கொள்வார்கள். வருசத் திவசத்துக்குச் சேட்டு அதையும் சிவப்பில் அடித்துத் தொங்கவிடுவான். யாராவது ஒருவர் எழுந்து, அது தனக்குத்தான் சொன்னது என்று அழுவார்.

மைக்கை வாய்க்கு நேராகத் திருப்பினான்.

"பேனர்ல போட்டிருக்கறதுதான்" என்றான்.

"நான் சொல்லல?" என்று சேட்டு துள்ளினான். "நான் சொல்லல?" பந்தலே கைதட்டியது. ஷீபா மட்டும் தட்டாமல் அவனையே பார்த்தாள். அவன் இறங்கி, கூட்டத்தைத் தாண்டி வீட்டுக்குள் போனான். பின்னால் சாப்பாட்டு இலை போடும் சத்தம் கேட்டது.

ஆயாவின் அறையில் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது. அவன் நிலைப்படியில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றான்.

அன்று மத்தியானம் அப்பா உத்திரமேரூருக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மா கழனியில் இருந்தாள். ஆயா பேச்சில்லாமல் கிடந்தாள். கஞ்சியும் இறங்கவில்லை. உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார அவனுக்குத் தைரியம் வரவில்லை. மதி போனதை அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்திருந்தான். அதனால் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். வலது கை வழக்கம்போலத் தலைமேல் ஏறியிருந்தது. தட்டிவிட அம்மா இல்லை.

ஆயா கண்ணைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். விரல்கள் உச்சந்தலையோடு நின்றிருந்தன, காதுவரை போகவில்லை. அந்த விரல்களை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். மிச்சக் குரல் இல்லை. ஏரிக்கு அந்தப்புறத்துக் குரல். முழுசாக, தெளிவாக.

"எட்டலன்னா பரவால்ல. உள்ள வந்து குந்து."